ஏடும் இசைத்தட்டும்

தொகை என்னும் சொல்லுக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் தனிப் பெருமை உண்டு. பல ஊர்களில், பல காலங்களில் தனித்தனியே பாடப்பட்ட பாட்டுகளை ஒருவர் தேடினார், தேர்ந்தார், வரிசைப்படுத்தினார். அதனாற்றான் எட்டுத்தொகை என்னும் செல்வம் இன்றும் நிலைத்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ; ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். பாடியோர் புகழுக்கு முன்னே தொகுத்தோர் புகழ் சிறிதாகத் தோன்றலாம். ஆயின், தொகுத்தோர் இல்லையேல் பாடியோர் பலருடைய பெயரும் எஞ்சியிராது.

ஏட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை இசைத்தட்டுக்கும் பொருந்துவதேயாம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, நீலாய், பகாவ் முதலிய வட்டாரங்களில் பரந்து கிடந்தவை கித்தாத் தோட்டங்கள். அங்கு வாழ்ந்த தமிழ் மக்கள் தாம் பாடிய தாலாட்டுக்கும் கும்மிக்கும் ஒப்பாரிக்கும் அப்பால், அரங்கப் பாட்டையும் கச்சேரி இசையையும் திரைப் பாட்டையும் பெரும்பாலும் சுழலும் தட்டின் வாயிலாகவே கேட்டனர். அத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து, கோயில் திருவிழாவிலும் மணவீட்டிலும் ஊரார் கேட்கச் சுழற்றியவர்கள் இருந்தனர். இன்று இளைஞர் 'டிஜே' என வழங்கும் பெயர் அன்று அவர்களுக்கு இல்லை. தொழில் மட்டும் இருந்தது. இவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர் என ஒதுக்குவதா, தொகுப்பாசிரியர் வரிசையில் வைத்து எண்ணுவதா? எண்ணுவதாயின் எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாக்களை இன்று எழுப்புதல் இன்றியமையாதது. ஏனெனில், அத்தொகைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

முதற்கண் தட்டின் இயல்பை அறிதல் வேண்டும். எமில் பெர்லினர் என்பார் 1887 இல் தட்டு வடிவில் ஒலியைப் பதியும் முறைக்கு வழி கண்டார். தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அவருடைய தட்டுகளிற் சில, கடினமாக்கிய ரப்பரால் ஆனவை. அவை நாளடைவில் வளைந்து உருக்குலைந்தமையின், 1890களின் நடுவில் அரக்குக் கலவை ரப்பரின் இடத்தைப் பற்றிக்கொண்டது. அரக்கு என்பது இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளிற் சுரப்பது. பால்மரம் சீவி வாழ்ந்தவனுடைய லயத்தில் ஒலித்தது, வேறொரு மரத்தின் கிளையிற் சுரந்த பொருள் என்பது எண்ணத்தக்கது.

அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஒலிக்கும். பக்கத்துக்கு ஒரு முள் என எஃகு முள்ளை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். தேய்ந்த முள் வரிகளைக் கீறிவிடும். இக்கருவிக்கு மின்சாரம் வேண்டா. கைப்பிடியைச் சுற்றி உள்ளிருக்கும் வில்லை முறுக்கினாற் போதும். மின்விளக்கு எட்டாத லயங்களுக்குக் கிராமபோன் முந்திச் சென்றமைக்கு இதுவே காரணம்.

மூன்று நிமிடம் என்பது தட்டுக்குரிய அடிவரையறை. குறுந்தொகைக்கு நாலடி முதல் எட்டடி, நற்றிணைக்கு ஒன்பதடி முதல் பன்னிரண்டடி, அகநானூற்றுக்குப் பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி என வரையறுத்தமை போன்றது அது. மேடையில் நெடுநேரம் இராகம் பாடிய வித்துவான், தட்டில் அதன் சாற்றை மட்டும் பிழிந்து தர வேண்டியதாயிற்று. நாடகக் கதைகளோ பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளிவந்தன. சுருங்கச் சொல்லல் என்னும் அழகு, விரும்பியோ விரும்பாமலோ, இசைக்கும் வந்து சேர்ந்தது.

1902 இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் ஒலிப்பதிவைத் தொடங்கினர். தமிழில் முதலிற் பெருவழக்குப் பெற்றவை நாடக மேடைப் பாடகரின் தட்டுகள். எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல், தம் 27 ஆம் வயதில், ஒரு படத்திலும் நடியாமலே மறைந்தார். அவருடைய குரலை இன்று கேட்பதற்குத் தட்டையன்றி வேறு வழியில்லை. கே. பி. சுந்தராம்பாளின் புகழும் மேடையிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து திரைக்கும் பரவியது. 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்தபின் திரைப் பாட்டு மெல்ல மெல்ல முதலிடம் பெற்றது. திரையுலகில் ஏவி. எம். என்று புகழ்பெற்ற மெய்யப்பன் முதலில் இசைத்தட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கடல் கடந்து வந்த இத்தட்டுகளைத் தோட்டத் தொழிலாளி தன் கூலியில் வாங்குதல் எளிதன்று. கிராணி, கங்காணி, கடைக்காரர் ஆகியோரிடமே கிராமபோன் முதலில் இருந்தது. அவர்களுள் சிலர் அதனை வீட்டுக்குள் வைத்துத் தாமே கேட்டனர்; சிலர் வாசலில் வைத்தனர். ஆராய்ச்சிக்கு உரியவர் இப்பின்னவரே. கருவி ஒன்றே, தட்டும் ஒன்றே. ஆயினும் வாசலில் வைத்த கணத்தில் உடைமை தொண்டாக மாறுகிறது. ஒலிபெருக்கி வந்தபின் அவ்வாசல் தோட்டம் முழுவதற்கும் விரிந்தது.

இனி, தொகுப்பாசிரியரை அளக்கும் அளவுகோல்களுள் முதலாவது வரிசை. அகநானூற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டெல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வொழுங்கு நானூறு பாட்டிலும் வழுவாமற் செல்கிறது. பாடிய புலவர் எவரும் இவ்வெண்ணை நினைத்துப் பாடவில்லை. அது தொகுத்தவர் ஆக்கிய அமைப்பு. ஒரு பாட்டின் பொருள், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் பாட்டுகளால் புதிய ஒளி பெறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தட்டைச் சுழற்றியவரும் இதனை அறிந்திருந்தார். மாரியம்மன் திருவிழாவில் விடியற்காலையில் முதலில் விநாயகர் துதி, அடுத்து அம்மன் பாட்டு, பின்னர் நாதசுரம். வெயில் ஏறியதும் நாடகத் தட்டுகள், மாலையில் திரைப் பாட்டு, முடிவில் மங்களம். மணவீட்டுக்கு வேறு வரிசை. 1956 இல் மறைந்த டி. என். இராசரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு, மேளகாரரை அமர்த்த இயலாத ஏழை வீட்டிலும் நாதசுரம் ஒலிக்கச் செய்தது. தாலி கட்டும் வேளைக்கு உரிய தட்டை முன்கூட்டியே எடுத்து வைத்து, முள்ளை மாற்றி, வில்லை முறுக்கிக் காத்திருத்தல் வேண்டும். மணவீட்டில் அழுகைச் சுவைப் பாட்டு ஒலிக்குமாயின் அதனைத் திணை மயக்கம் என்று அமைதி கூற இயலாது; அது வழுவே. எத்தனை தட்டு வைத்திருந்தார் என்பதனால் இவர் சிறப்பு அமைவதில்லை. எந்தத் தட்டை எந்த வேளையில் எடுத்தார் என்பதிலேதான் அது அமைகிறது. ஆயிரம் தட்டு உடையவரும் வரிசை அறியாதவராயின் பண்டகசாலைக் காவலரே ஆவர்.

இரண்டாவது அளவுகோல் பெயர் கூறல். இதனை விளக்குதற்குப் பிற நாட்டு வழக்கு ஒன்றை ஒப்பிட்டுக் காண்பது நலம். கரும்புத் தோட்டங்களால் உருவான நாடு ஜமைக்கா. அங்கே 1950களில் பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் வைத்து அமெரிக்கத் தட்டுகளைச் சுழற்றியவர்கள் பெரும் புகழ் பெற்றனர். போட்டியாளர் அறியலாகாது என்பதற்காக, தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டைச் சுரண்டி அழித்தனர். ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் குடியேறிய கூல் ஹெர்க் என்பவர், 1973 ஆகஸ்டு 11 இல் நடத்திய விருந்து இசைவரலாற்றில் இடம்பெற்றது. ஒரே தட்டின் இரு படிகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாற்றி மாற்றி நீட்டுவது அவர் கண்ட முறை. அவரும் தம் தட்டுகளின் சீட்டை நீரில் ஊறவைத்து உரித்தவரே.

இங்கிலாந்தில் விகன் நகரத்துக் கேசினோ மண்டபத்தில் 1973 முதல் 1981 வரை, இரவு முழுதும் 'சோல்' தட்டுகள் சுழன்றன. சோல் என்பது ஆப்பிரிக்க அமெரிக்கரின் திருச்சபைப் பாட்டிலிருந்து கிளைத்த உணர்ச்சி இசை. தாளத்தை முதன்மையாக்கிப் பின்னர்த் தோன்றிய வகையை 'ஃபங்க்' என்பர். அங்கும் அரிய தட்டுகளின் சீட்டை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டினர். பிராங்க் வில்சன் 1965 இல் பாடிய தட்டொன்று எடி ஃபோஸ்டர் என்னும் பெயரில் அங்கே ஒலித்தது. எஞ்சியிருந்த அதன் படிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று 2009 இல் 25,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. ஆடியவர் அனைவரும் அறிந்த குரல் அது. பாடியவர் பெயரோ அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது.

இதனோடு தமிழ்த் தொகுப்பாசிரியர் செயலை ஒப்பிடுக. குறுந்தொகைப் பாட்டுகள் சிலவற்றின் ஆசிரியர் பெயர் தொகுத்தோர்க்குக் கிட்டவில்லை. அவர்கள் பொய்ப்பெயர் புனையவில்லை. பாட்டிலே வந்த அரிய தொடரைக் கொண்டே புலவரைக் குறித்தனர். செம்புலப் பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு தோன்றியது. புலவர் தந்த உவமையே அவருக்குப் பெயராயிற்று. தெரிந்த பெயரை மறைப்பது ஒரு நெறி. தெரியாத பெயரையும் போற்றிக் காப்பது மற்றொரு நெறி. முன்னது வணிகத்துக்கு உதவும். பின்னது வரலாற்றுக்கு உதவும். விகன் மண்டபத்தாரின் ஆர்வமும் உழைப்பும் பாராட்டத்தக்கவையே. அவர்கள் தேடியிராவிடின் அத்தட்டுகள் குப்பையிற் போயிருக்கும். ஆயினும் சீட்டை மறைத்த அளவில் அவர்கள் தொகுப்பாசிரியர் தகுதியில் ஒரு படி தாழ்ந்தே நிற்கின்றனர்.

இனி, ஒரு தடையை ஆராய்தல் வேண்டும். இசைத்தட்டு தோட்டத்து மக்களின் சொந்தப் பாட்டை வாய்மூடச் செய்தது என்று கூறுவார் உளர். இவர் கூற்றில் உண்மை உண்டு. தட்டில் ஒலித்தது சென்னையிலும் கல்கத்தாவிலும் பதிந்த குரல். தொட்டிலடியில் தாய் பாடியதும், இழவு வீட்டில் பெண்கள் மார்பில் அடித்துப் பாடியதும் அரக்கில் ஏறவில்லை. விலை கொடுத்து வாங்கிய குரல் சிறந்தது, வீட்டில் எழும் குரல் தாழ்ந்தது என்னும் எண்ணம் பரவுவதற்குத் தட்டும் ஒரு காரணமே. பாடிக்கொண்டிருந்தவர் கேட்போராகக் குறுகினர்.

எனினும் இத்தடை முழு உண்மையாகாது. கேட்டல் என்பது செயலற்ற நிலை அன்று. தட்டிற் கேட்ட மெட்டில் ஊர்ச் செய்தியை வைத்துப் பாடுவது தமிழர் வாழும் இடமெங்கும் உள்ள வழக்கு. நாட்டுப்பாட்டு அரங்குக்கும், அரங்கப் பாட்டு தெருவுக்கும் மாறி மாறிச் சென்றதைத் தமிழ் நாடக வரலாறு காட்டும். மொழி எல்லையைக் கடந்தும் இது நிகழ்ந்தது. பினாங்கில் 1960களின் இறுதியில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவில் முன்னின்று பாடியோர் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார். சோல் இசையில் தோய்ந்த அவர்கள் மலாய் மொழியில் பாடி நாடு முழுவதும் புகழ் பெற்றனர். கறுப்பின மக்களின் இசையைக் கேட்ட செவி தன் குரலை இழக்கவில்லை; புதிய குரல் ஒன்றைப் பெற்றது. ஆகவே, குறை தட்டின்மீது மட்டும் சார்வதன்று. தட்டைச் சேர்த்தவரும் கற்றவரும், தட்டுக்கு வெளியே ஒலித்த பாட்டைக் குறித்து வைக்கத் தவறினர் என்பதே கடிந்து கூறத்தக்க குறை.

மூன்றாவது அளவுகோல் பகிர்தல். ஒப்புரவாளன் செல்வத்தை ஊருணியோடு வைத்து எண்ணினார் வள்ளுவர். இசைத்தட்டின் திறத்தில் இவ்வுவமைக்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ஊருணி மழையால் மீண்டும் நிறையும். அரக்குத் தட்டோ முள் படுந்தோறும் சிறிது தேயும்; கீழே விழுந்தால் உடையும். ஊரார்க்கு ஒலிக்கச் செய்தவர் ஒவ்வொரு முறையும் தம் உடைமையில் ஒரு பகுதியை இழந்தே கொடுத்தார். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, புதிய தட்டு வரும் வழியும் அடைபட்டது. அதன்பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், வேலிக்குள் அடைக்கப்பட்ட தோட்டக் குடியிருப்புகளும் ஊரடங்குக்கு உட்பட்ட இரவுகளும் பல. இவ்விடர்களையெல்லாம் கடந்து எஞ்சிய தட்டு, கீறலும் இரைச்சலும் உடையதாயிருத்தல் இயல்பே.

இவ்விடத்தில் விலை மதிப்பும் வரலாற்று மதிப்பும் வேறுபடுதல் காணலாம். தட்டு வணிகர் கீறல் இல்லாத படிக்கே மிகுந்த விலை தருவர். வரலாற்று நோக்குடையார்க்கோ தேய்ந்த தட்டும் ஒரு சான்று. எந்தப் பாட்டின் வரிகள் மிகத் தேய்ந்தன என்பது, எந்தப் பாட்டை மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டனர் என்பதற்கு அவர்கள் கையெழுத்திடாத ஆவணம். ஒரு பக்கம் தேய்ந்தும் மறுபக்கம் புதிதாகவும் உள்ள தட்டு, அவ்வூர்ச் சுவையைத் தெளிவாகவே உரைக்கும்.

தேடியதைப் பகிர்ந்தோர்க்குத் தமிழுலகில் முன்மாதிரி இல்லாமலில்லை. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். தேடியவற்றைப் பெட்டியிற் பூட்டாமல் 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் அச்சேற்றி உலகுக்கு ஈந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பர ஓவியத் தொழிலில் ஈட்டியதைக் கொண்டு நூலும் இதழும் துண்டு வெளியீடுகளும் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின், அத்தொகை சென்னையில் 1994 இல் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. இசைத்தட்டுத் துறையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டியதோடு அமையாது, அவை பற்றி எழுதியும் பேசியும் அறிவைப் பரப்பினார். இம்மூவரும் சேர்த்ததனால் மட்டும் பெருமை பெறவில்லை. பிறர் பயன்கொள்ள வழி செய்ததனாற் பெற்றனர்.

நெகிரி செம்பிலானில் நிலைமை யாது? இந்தியாவில் 78 சுழற்சித் தட்டு வெளியீடு 1970 ஐ ஒட்டி நின்றது. ஒலிநாடா வந்தது, பின்னர் குறுந்தட்டு வந்தது, இன்று கைப்பேசியிலே பாட்டு ஒலிக்கிறது. கித்தா நின்ற இடம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சிரம்பானைச் சுற்றியும் நீலாய்ப் பக்கத்திலும் தோட்ட நிலங்கள் பல வீட்டுமனை நகரங்களாகிவிட்டன. லயம் இடிந்தபோது மக்கள் எடுத்துச் சென்ற பொருளுள் கனமான, உடையும் தட்டுகளுக்கு இடம் கிடைத்தது அரிது. எஞ்சிய சில, பழம்பொருள் கடைக்குச் சென்று அழகுக்காகச் சுவரில் தொங்குகின்றன. ஒலிக்காத இசைத்தட்டும் படிக்காத ஏடும் ஒரு தன்மையனவே.

இழப்பின் அளவை உணர்தற்கு எட்டுத்தொகையையே நோக்கலாம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. நற்றிணையில் 234 ஆம் பாட்டு இல்லை. படிகள் குறைந்த இடத்தில் இழப்பு நேரும் என்பது இதனால் விளங்கும். ஏட்டைப் படியெடுக்கப் பல நாள் வேண்டும். இன்று ஒரு தட்டின் ஒலியைக் கணினிக்கு மாற்றச் சில நிமிடம் போதும். அங்ஙனம் மாற்றிய படி எத்தனை பேர்க்குச் சென்றாலும் மூலத்தட்டு தேய்வதில்லை. பகிர்ந்தால் அழியும் என்னும் பழைய அச்சம் நீங்கிவிட்டது. பகிராவிடிற்றான் அழியும் என்னும் நிலை வந்துள்ளது.

ஆயினும் ஒலியை மட்டும் படியெடுத்தல் போதாது. புறநானூற்றுப் பாட்டின் கீழ்த் திணையும் துறையும், பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும், பாடிய சூழலும் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். அக்குறிப்பை நீக்கிவிட்டால் பல பாட்டுகள் யாரைப் பற்றியவை என்பதே விளங்காது. தோட்டத்துத் தட்டுக்கும் அத்தகைய அடிக்குறிப்பு வேண்டும். பாடியவர், வெளியிட்ட கம்பெனி, தட்டெண் ஆகியவை சீட்டிலேயே உள்ளன. சீட்டில் இல்லாதவை வேறு. எந்தத் தோட்டத்தில் இருந்தது, யார் வாங்கினார், எந்த விழாவில் ஒலித்தது, அப்பாட்டைக் கேட்டு ஊரார் என்ன பாடினர் என்பனவே அவை. சென்னைப் பதிவைத் தோட்டத்து வரலாறாக மாற்றுவது இக்குறிப்பு ஒன்றே. வாய்மூடிய ஊர்ப்பாட்டு சிறிதேனும் மீள்வதற்கும் இதுவே வழி.

இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டா. மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர், தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டிலோ உறவினரிடமோ எஞ்சியுள்ள ஒரு தட்டைக் கொண்டு, பாட்டன் பாட்டியைக் கேட்டு, பத்து வரியில் அதன் திணையும் துறையும் எழுதிவரச் செய்வது ஆசிரியரால் ஆகக்கூடிய காரியம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் தக்க பொருள் கிடைப்பது அரிது. தட்டு உடைந்திருப்பினும் குறிப்பு எழுதலாம்; தட்டே இல்லாவிடினும் அதனைக் கேட்டவர் நினைவை எழுதலாம். கேட்டவர்களுக்கு ஆண்டுதோறும் முதுமை ஏறி வருகிறது. இப்பணி அவர்கள் இருக்கும்போதே தொடங்கப்பட வேண்டும்.